கென்டக்கியின் கிராமப்புறக் கவுண்டிப் பதிவேடுகளில் குடும்ப வரலாற்றைத் தேடுதல்: முழுமையான வழிகாட்டி

எங்கள் மகன் கென்டக்கியில் பிறந்து வளர்ந்த பெண்ணை மணந்துகொண்டதால், எங்கள் பேரப்பிள்ளைகளின் முன்னோர்களில் பாதிப் பேர் அந்த மாநிலத்து மலையிடுக்குகளில் சோளமும் புகையிலையும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். சம்பந்தி வீட்டார் பாதுகாத்து வைத்திருந்த குடும்ப பைபிளில் பிறப்பும் இறப்பும் திருமணமும் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் அதன் முதல் வரியில் ஒரு பெண்ணின் முதற்பெயர் மட்டுமே இருந்தது. அவள் யார் வீட்டுப் பெண், எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பது எங்கும் இல்லை. அவளைத் தேடப் போனதில் கற்றுக்கொண்டவற்றையே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். அமெரிக்கக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்று பல இருப்பதால், பேரப்பிள்ளைகள் கேட்கும்போது மறுபாதியைப் பற்றியும் சொல்ல வேண்டிய கடமை நமக்கும் உண்டு.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இணையத்தில் பிறர் தொகுத்து வைத்திருக்கும் வம்சாவளி மரங்கள் வழி காட்டக்கூடியவையே தவிர, ஆதாரம் ஆகமாட்டா. ஒருவர் செய்த பிழையை நூறு பேர் படியெடுத்தால் அது நூறு சாட்சிகள் ஆகிவிடாது. கென்டக்கிக் குடும்பம் ஒன்றின் உண்மையான சாட்சியம் அதன் நிலம் இருந்த கவுண்டியின் (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) பதிவேடுகளில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இவர் பெயர் எங்கே கிடைக்கும்?’ என்பதன்று, ‘அந்த நாளில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது?’ என்பதே.

முதற்படி: தெரிந்ததிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல்

உயிரோடு இருக்கும் மூத்தவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிப்பதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். கென்டக்கியில் மாநிலம் தழுவிய பிறப்பு, இறப்புப் பதிவு 1911 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. அதற்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தந்தை பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், பிறந்த இடம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. ஆகவே 1915இல் எண்பது வயதில் இறந்தவரின் சான்றிதழ் நம்மை 1830களுக்கே கொண்டுபோய் விடக்கூடும். ஆயினும் அந்த விவரங்களைச் சொன்னவர் யார் என்ற கட்டத்தையும் படிக்க வேண்டும். மாமியாரின் தாயைப் பற்றி மருமகன் சொன்ன தகவலுக்கும், மகளே சொன்ன தகவலுக்கும் மதிப்பு ஒன்றாகாது. 1911க்கு முன்னர், 1852 முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு சட்டத்தின்படி கவுண்டிகள் பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிவு செய்தன. அவை விட்டுவிட்டுத்தான் கிடைக்கின்றன.

இதற்கு இணையாக, பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஏணிப்படிகளாகப் பயன்படுத்துங்கள். தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே வெளியிடப்படும் என்பதால், இப்போது பார்க்கக் கிடைப்பவற்றில் கடைசியானது 2022 ஏப்ரலில் வெளியான 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பிறந்த மாதத்தையும் ஆண்டையும் தருவதோடு, ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றாள், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் சொல்கிறது. 1890ஆம் ஆண்டினுடையது 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் பாழாகி, பிறகு அனேகமாக முழுவதும் அழிந்துபோயிற்று. குடும்பத் தலைவரோடு உள்ள உறவுமுறை 1880இல்தான் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. வீட்டிலிருந்த சுதந்திர மனிதர்கள் அனைவருடைய பெயரும் எழுதப்பட்டது 1850இல்தான். அதற்கு முன்னர் குடும்பத் தலைவர் பெயரும், வயதுவாரியாக மற்றவர்களின் எண்ணிக்கையும் மட்டுமே. கென்டக்கிக்கு 1790, 1800 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கணக்கெடுப்புத் தாள்களும் தொலைந்துவிட்டன. எனவே 1850க்கு முன்னால் போக விரும்புகிறவர் கவுண்டிப் பதிவேட்டின் கதவைத் தட்டாமல் ஓரடியும் நகர முடியாது.

இரண்டாம் படி: எல்லைகளின் வரலாற்றை அறிதல்

வர்ஜீனியாவின் கவுண்டிகளில் ஒன்றாக இருந்த கென்டக்கி 1780இல் ஜெஃபர்சன், ஃபயெட், லிங்கன் என மூன்றாகப் பிரிந்தது. 1792இல் தனி மாநிலமானபோது ஒன்பது கவுண்டிகள் இருந்தன, இன்று 120. கடைசியாக உருவான மெக்கிரியரி கவுண்டி 1912இல்தான் பிறந்தது. ஒரே குடும்பம் ஒரே ஓடைக்கரையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, கவுண்டி எல்லை மட்டும் மூன்று முறை அவர்கள் தலைக்கு மேல் நகர்ந்திருக்கலாம். புதிய கவுண்டி உருவாகும்போது பழைய பதிவேடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும்.

ஆபிரகாம் லிங்கனின் குடும்பமே இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் 1809இல் ஹார்டின் கவுண்டியில் பிறந்தார். அந்த இடம் 1843 முதல் லாரூ கவுண்டியில் இருக்கிறது. அவருடைய பெற்றோர் தாமஸ் லிங்கனும் நான்சி ஹாங்க்ஸும் முறைப்படி மணந்துகொண்டவர்கள்தாமா என்று எதிரிகள் வம்பு பேசியபோது, அவர்கள் குடியிருந்த ஹார்டின் கவுண்டியில் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. லிங்கன் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1878இல், வாஷிங்டன் கவுண்டியின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் அந்தத் திருமணப் பதிவு கண்டெடுக்கப்பட்டது. 1806 ஜூன் 10 அன்று பிணைப்பத்திரம் (திருமணத்துக்குச் சட்டத்தடை இல்லை என்று எழுதித்தரும் உறுதி) எழுதப்பட்டு, ஜூன் 12 அன்று திருமணம் நடந்திருந்தது. பதிவு ஒருபோதும் தொலைந்திருக்கவில்லை. தேடியவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் கவுண்டியில் தேடினார்கள், அது இருந்ததோ பெண் இருந்த கவுண்டியில். ஒரு குடியரசுத் தலைவரின் பெற்றோருக்கே இந்தக் கதி என்றால் சாதாரணக் குடியானவர் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிகாகோவின் நியூபெரி நூலகம் ஒவ்வொரு கவுண்டியின் எல்லை மாற்றத்தையும் தேதிவாரியாகக் காட்டும் வரலாற்று வரைபடத் தொகுதியை உருவாக்கியிருக்கிறது. உங்கள் குடும்பம் வாழ்ந்த இடத்தை அதில் வைத்து, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை அது எந்தக் கவுண்டி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கவுண்டிகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மலைப்பகுதியில் தன் கவுண்டித் தலைநகருக்குப் போகும் பாதையைவிட அடுத்த கவுண்டித் தலைநகருக்குப் போகும் பாதை எளிதாக இருந்த குடும்பங்கள் உண்டு. ஆற்றைக் கடந்து அடுத்த மாநிலத்தில் போய் மணம் முடித்தவர்களும் பலர். கென்டக்கியின் மேஸ்வில்லுக்கு அருகே, ஓஹையோ ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஆபர்டீன் அப்படி ஓடிப்போய் மணப்பவர்களுக்குப் பேர்போன ஊர்.

மூன்றாம் படி: எந்தப் பதிவேடு யாரிடம்

கென்டக்கியில் கிரயப் பத்திரம், உயில், திருமணம் ஆகிய மூன்றும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் இருக்கின்றன. நம் சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளலாம். சொத்து வழக்குகளும் மணமுறிவு வழக்குகளும் சர்க்யூட் நீதிமன்றத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பழைய கட்டுகளில் பெரும்பகுதி ஃபிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள மாநில ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. கவுண்டிப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படிகளும் அங்கே உண்டு. முதன்முதலாக அரசிடமிருந்து நிலம் பெற்ற பட்டயங்கள் மட்டும் மாநிலச் செயலரின் நிலப்பிரிவில் இருக்கின்றன.

இவற்றில் கணிசமானவற்றின் படங்களை ஃபேமிலிசர்ச் என்னும் குடும்ப வரலாற்று இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சில படங்களை மட்டும் அதனோடு இணைந்த நூலகத்தில் உட்கார்ந்துதான் திறக்க முடியும். 2024 முதல் அத்தளத்தில் கையெழுத்துப் பத்திரங்களைக் கணினியே படித்து, உள்ளே வரும் எந்தச் சொல்லையும் தேடித்தரும் வசதி வந்திருக்கிறது. எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்கள் மட்டுமே அட்டவணையில் ஏறும் என்பதால், சாட்சிக் கையெழுத்திட்டவரும் எல்லையில் நிலம் வைத்திருந்த பக்கத்துக்காரரும் இதுவரை எவர் கண்ணிலும் படாமல் கிடந்தார்கள். இப்போது அவர்களையும் பிடிக்க முடிகிறது. ஆயினும் கணினி தவறாகப் படிக்கும் இடங்கள் ஏராளம். தேடலில் வரவில்லை என்பதால் பத்திரம் இல்லை என்று முடிவு கட்டிவிடாமல், பழைய அட்டவணையையும் புரட்டியே ஆக வேண்டும்.

நான்காம் படி: பத்திரங்களைப் படித்தல்

என் அனுபவத்தில் உயிலைவிடவும் பத்திரமே அதிகம் பேசும். உயில் எழுதியவர்கள் சிலர். நிலம் வைத்திருந்தவர்கள் பலர். பத்திர அட்டவணை இரண்டு வகைப்படும்: எழுதிக்கொடுத்தவர் பெயர் வரிசையில் ஒன்று, எழுதிவாங்கியவர் பெயர் வரிசையில் ஒன்று. இரண்டிலும் உங்கள் குடும்பப் பெயரையும், அது எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும், கவுண்டி தொடங்கிய ஆண்டிலிருந்து குடும்பம் வெளியேறி இருபது, முப்பது ஆண்டுகள் வரை பட்டியலிடுங்கள். இந்தப் பின்னீட்டுக் காலம் மிக முக்கியம். பத்திரத்தை எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அடுத்து விற்கும்போதுதான் பதிவுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பெற்றோர் இறந்தபின் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் அங்கிருந்தே கையெழுத்திட்டு அனுப்பிய பத்திரங்களும் உண்டு.

அட்டவணையில் பெயருக்குப் பின்னால் ‘எட் அல்’ என்ற லத்தீன் குறிப்பு இருந்தால் ‘மற்றும் பிறர்’ என்று பொருள். அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் விடவே கூடாது. ‘எட் அக்ஸ்’ என்றால் ‘மற்றும் மனைவி’. தந்தை இறந்தபின் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து நிலத்தை விற்கும்போது, மணமான பெண் தனியாகச் சொத்தை எழுதிக்கொடுக்க அன்றைய சட்டம் இடம் தராததால் கணவனும் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆகவே ஒரே பத்திரத்தில் எல்லா மகன்களும், எல்லா மகள்களும், மகள்களின் கணவர்களும், ‘இன்னாரின் வாரிசுகள்’ என்ற அடைமொழியோடு வரிசையாக நிற்பார்கள். எங்கள் சம்பந்தி வீட்டு பைபிளில் முதற்பெயராக மட்டும் நின்ற அந்தப் பெண் இறுதியில் அப்படித்தான் கிடைத்தாள். நான் இரண்டு ஆண்டுகள் கணவனுடைய குடும்பப் பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தேன். அவளோ தன் அண்ணன் பெயரின் கீழ், ‘எட் அல்’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருந்தாள்.

விலையையும் கவனியுங்கள். நூறு ஏக்கர் நிலத்துக்கு ஒரு டாலர் என்றும், ‘இயற்கையான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு’ என்றும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தந்தை பிள்ளைக்கோ மருமகனுக்கோ கொடுத்தது. பத்திரத்தின் இறுதியில் மனைவி தன் விதவைப் பங்கை விட்டுக்கொடுத்த குறிப்பு இருக்கும். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை விதவைக்கு இருந்ததால், அவளைக் கணவனிடமிருந்து பிரித்துத் தனியே விசாரித்து, வற்புறுத்தலின்றிச் சம்மதித்தாள் என்று எழுதிக்கொண்ட பின்னரே விற்பனை முழுமை பெற்றது. இந்தக் குறிப்பு 1815இல் ஒரு பெயரையும் 1821இல் வேறொரு பெயரையும் காட்டினால், இடையில் முதல் மனைவி இறந்து இரண்டாம் திருமணம் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். வேறு எந்தப் பதிவும் அந்தச் சாவைச் சொல்லாமல் இருக்கக்கூடும்.

சொற்களில் சில பொறிகள் உள்ளன. ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பவை எப்போதும் தந்தையையும் மகனையும் குறிக்கவில்லை. ஒரே பெயர் கொண்ட மாமனும் மருமகனும், சில வேளைகளில் உறவே இல்லாத இருவரும்கூட, ஊராரால் அப்படிப் பிரித்தறியப்பட்டார்கள். ‘இன்ஃபன்ட்’ என்றால் கைக்குழந்தை அன்று, 21 வயது நிரம்பாதவர். ‘ஆர்ஃபன்’ என்றால் தந்தையை இழந்தவர். தாய் உயிரோடு இருக்கலாம். ‘ரெலிக்ட்’ என்பது கைம்பெண். பெயர்களிலும் இப்படியே: பாலி என்பவள் பெரும்பாலும் மேரி, பேட்ஸி என்பவள் மார்த்தா, சாலி என்பவள் சாரா. நம் ஊரில் வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று பழகியவர்களுக்கு இது விளங்கக் கடினமாக இராது.

ஐந்தாம் படி: நிலத்தை வரைந்து பார்த்தல்

இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்கக் கூடாது. ஓஹையோவிலும் இந்தியானாவிலும் நிலம் பெரும்பாலும் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. கென்டக்கியிலோ பெரும்பகுதி நிலம் மரத்திலிருந்து மரத்துக்கு, பாறையிலிருந்து ஓடைமுனைக்கு என்று எல்லை சொல்லி அளக்கப்பட்டது. நம் பத்திரங்களில் வரும் செக்குபந்தி போன்றதே, ஆனால் திசைப்பாகையும் நீளமும் சேர்ந்தது. ‘ஒரு வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கு 35 பாகை கிழக்காக 40 போல் தூரம் சென்று இரண்டு ஹிக்கரி மரங்கள் வரை’ என்பது போல ஒவ்வொரு வரியும் இருக்கும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. 320 போல் ஒரு மைல். 160 சதுர போல் ஓர் ஏக்கர்.

கட்டத்தாள், பாகைமானி, அளவுகோல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் கோடாக வரையுங்கள். கடைசிக் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சற்று விலகினால் அந்தக் காலத்துச் சங்கிலி அளவையின் பிழை என்று விட்டுவிடலாம். வெகுதூரம் விலகினால் நீங்களோ, பத்திரத்தைப் படியெடுத்த கிளார்க்கோ ஒரு வரியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். பிறகு எல்லையில் பெயர் சொல்லப்படும் பக்கத்துக்காரர்களின் பத்திரங்களையும் அதே அளவில் வரைந்து வெட்டி, ஒன்றோடொன்று பொருத்துங்கள். ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரித்தறிய இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது. ஒருவர் நிலம் மேல் ஓடையில், மற்றவர் நிலம் பத்து மைல் தள்ளி வேறோர் ஆற்றில் என்று தெரிந்துவிட்டால், இருவரையும் ஒருவராக்கிய மரங்கள் அங்கேயே விழுந்துவிடும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் வரைபடங்களில் அந்தச் சிற்றோடைகளின் பெயர்கள் பெரும்பாலும் இன்றும் அப்படியே இருக்கின்றன. பெண் எடுத்ததும் கொடுத்ததும் அனேகமாக அந்த ஓடையைச் சுற்றிய வீடுகளுக்குள்தான் என்பதால், பக்கத்துக்காரர்களே உங்கள் அடுத்த சந்தேகப் பட்டியல்.

இந்த அளவைமுறையால் ஒரே நிலத்துக்கு இருவர், மூவர் பட்டயம் பெற்று வழக்காடியதும் கென்டக்கியின் வரலாறு. தாமஸ் லிங்கன் 1816இல் குடும்பத்தோடு இந்தியானாவுக்குப் போனதற்கு நில உரிமைச் சிக்கலே முக்கியக் காரணம் என்று அவர் மகனே பின்னாளில் எழுதியிருக்கிறார். உங்கள் குடும்பம் திடீரென்று மறைந்துபோனால், வடக்கே ஆற்றுக்கு அப்பால் தேடுங்கள்.

ஆறாம் படி: திருமணப் பிணைப்பத்திரம்

பழைய கென்டக்கித் திருமணத்துக்கு ஐந்து வகைத் தாள்கள் இருக்கக்கூடும்: பிணைப்பத்திரம், தந்தையின் சம்மதச் சீட்டு, உரிமம், நடத்திவைத்த போதகர் அனுப்பிய பட்டியல், பதிவேட்டில் ஏறிய வரி. திருமணத்துக்குச் சட்டத்தடை இல்லை என்று மாப்பிள்ளையும் இன்னொருவரும் 50 பவுண்டுக்குப் பிணை எழுதிக்கொடுப்பார்கள். அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண்ணின் தந்தையோ, சகோதரனோ, பாதுகாவலரோ ஆவார். தாமஸ் லிங்கனோடு கையெழுத்திட்டவர் ரிச்சர்ட் பெர்ரி என்பவர். அச்சிட்ட தொகுப்புகள் மணமக்கள் பெயரையும் தேதியையும் மட்டும் தந்துவிட்டுப் பிணையாளியை விட்டுவிடுவது வழக்கம். அதனால்தான் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தொகுப்பில் இருக்கும் தேதி பிணை எழுதிய தேதியா, தாலி கட்டிய தேதிக்கு நிகரான தேதியா என்பதையும் அப்போதுதான் அறிய முடியும்.

ஏழாம் படி: உயிலும், உயில் இல்லாதவர்களும்

உயில் இருந்தால் நல்லது. ஆனால் அதில் பெயர் இல்லாத பிள்ளை பிள்ளையே அன்று என்று முடிவு செய்யாதீர்கள், ஏற்கெனவே பங்கு வாங்கியிருக்கலாம். உயில் எழுதாமல் இறந்தவருக்கு நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை அமர்த்தும். பிறகு சொத்துப் பட்டியல், ஏலப் பட்டியல், கணக்குத் தீர்வு, வயது வராத பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் நியமனம் என்று தாள்கள் ஆண்டுக்கணக்கில் தொடரும். இவை உயில் புத்தகங்களிலேயே கலந்து கிடக்கும். ஏலப் பட்டியல் படிப்பதற்கே சுவையானது: கைம்பெண் தன் வீட்டு இராட்டையையும் பசுவையும் தானே ஏலம் எடுத்திருப்பாள், முதல் சில பொருள்களை வாங்கியவர்களில் பெரும்பாலோர் உறவினர். பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை தன் பாதுகாவலரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அந்த வரி வயதையும் சொல்லிவிடுகிறது.

எட்டாம் படி: ஆண்டு வரிப்பட்டியல்

கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரு புகைப்படம் என்றால், கென்டக்கியின் வரிப்பட்டியல் ஆண்டுதோறும் எடுத்த படம். 1790கள் முதல் கிடைக்கும் இவற்றில் 21 வயதைக் கடந்த வெள்ளையர் ஆண்கள், அடிமைகள், குதிரைகள், ஏக்கர், நிலம் எந்த நீரோட்டத்தின் கரையில், முதலில் யார் பெயரில் பட்டயம் என்ற கட்டங்கள் உண்டு. ஓராண்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. இருபது ஆண்டுகளை அடுத்தடுத்துப் படியெடுத்து ஒரே அட்டவணையாக்குங்கள். தந்தையின் வரியில் 21 வயதைக் கடந்த ஆண்கள் ஒன்றிலிருந்து இரண்டாவது, பிறகு அந்த மகன் நிலமில்லாமல் ஒரு குதிரையோடு தனி வரியில் தோன்றுவது, தந்தை மறைந்து தாய் பெயர் வருவது, ஏக்கர் மூன்றாகப் பிரிவது என்று ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் எண்களில் ஓடும்.

கவுண்டி நீதிமன்றத்தின் ஆணைப் புத்தகங்களை நேரம் இருப்பவர்கள் பக்கம் பக்கமாகப் படிக்கலாம்; சாலை மேற்பார்வைக்கு யாரை அமர்த்தினார்கள், தந்தையில்லாப் பையனை எந்தக் கொல்லனிடம் தொழில் பழக விட்டார்கள், 1832ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் முதிய படைவீரர் என்ன வாக்குமூலம் கொடுத்தார் என்பவை அங்கே இருக்கும். அட்டவணை பெரும்பாலும் குறைபாடானது.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் குடும்பங்கள்

கென்டக்கி அடிமை முறை நிலவிய மாநிலம். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின்கீழ் வயதும் பாலும் நிறமும் மட்டுமே இருக்கும். மனிதர்களின் பெயர்கள், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இருக்கமாட்டா. அவர்கள் எல்லோரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினுடையது. கறுப்பினக் குடும்பங்களைத் தேடுவோர் இங்கே சுவரில் முட்டி நிற்கிறார்கள். அந்தச் சுவரில் திறக்கும் கதவும் கவுண்டிப் பதிவேடே. உயிலிலும், சொத்துப் பட்டியலிலும், பாகப்பிரிவினையிலும், கடனுக்கு ஈடாக எழுதிய பத்திரத்திலும் குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவே மனிதர்களின் பெயர்கள் விலையோடு எழுதப்பட்டிருக்கின்றன. தாயும் பிள்ளையும் சேர்த்தே குறிக்கப்பட்ட வரிகள் உண்டு. படிக்க மனம் கொதிக்கும்; ஆனால் ஒரு குடும்பத்தை மீட்டெடுக்க அந்த வரிதான் இருக்கிறது.

1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பத்தின் அருகில் வாழ்ந்த, வசதியான வெள்ளையர் குடும்பங்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய பதிவுகள் ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் படிக்க வேண்டும். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். பலர் கடைசி உரிமையாளரின் பெயரை ஏற்கவில்லை. 1866இல் கென்டக்கி இயற்றிய சட்டத்தின்படி, அடிமைக் காலத்திலேயே கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் கவுண்டி கிளார்க்கிடம் வந்து அறிவித்துத் தம் மணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்பதையும் சொன்ன அந்த அறிவிப்புகள் கிடைத்த கவுண்டிகளில், பல பத்தாண்டுகள் ஒரே வரியில் திறந்துகொள்கின்றன.

கட்டடம் எரிந்திருந்தால்

உள்நாட்டுப் போரின்போது, 1864 டிசம்பரிலும் 1865 ஜனவரியிலும், தென்தரப்பு ஜெனரல் ஹைலன் லயனின் படை ஒன்றே கென்டக்கியில் பல கோர்ட் ஹவுஸ்களை (பதிவேடுகள் இருந்த கவுண்டி நீதிமன்றக் கட்டடங்களை) கொளுத்தியது. ஆனால் கட்டடம் எரிந்ததென்றால் புத்தகங்களும் எரிந்தன என்று பொருளில்லை. சில ஊர்களில் அவற்றை முன்கூட்டியே வெளியே எடுத்துவிட்டார்கள். எரிந்த கவுண்டியிலும் நிலச் சொந்தக்காரர்கள் தம்மிடமிருந்த மூலப் பத்திரங்களைக் கொண்டுவந்து மீண்டும் பதிவு செய்திருப்பார்கள். வரிப்பட்டியலும் நிலப்பட்டயமும் மாநிலத் தலைநகரில் இருந்ததால் அந்தத் தீ அவற்றைத் தொடவில்லை.

நேரில் செல்லும்போது

இணையத்தில் முடிந்ததை எல்லாம் முடித்து, புத்தக எண்ணும் பக்க எண்ணும் கொண்ட பட்டியலோடு செல்லுங்கள். கென்டக்கியில் கவுண்டி கிளார்க் அலுவலகமே வாகனப் பதிவையும் தேர்தலையும் நடத்துகிறது. ஆகவே மே, நவம்பர் தேர்தல்களை ஒட்டிய வாரங்களிலும் மாதக் கடைசியிலும் போகாதீர்கள். மாநிலம் இரண்டு நேர மண்டலங்களில் கிடப்பதால் அலுவலகம் மூடும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒருமுறை நான் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்திர அறையில் வழக்கறிஞர்களின் ஆட்கள் வில்லங்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; அவர்களுக்கு இடம் விட்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்த இடத்திலேயே வைத்தால் உதவி தானாக வரும். புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டே எடுங்கள். புத்தக முதுகையும் முதலில் ஒரு படம் எடுத்துவிட்டால், வீட்டுக்கு வந்தபின் எந்தப் பக்கம் எந்தப் புத்தகம் என்று திண்டாட வேண்டியிராது. தேடியும் கிடைக்காதவற்றையும் ஆண்டோடு எழுதி வையுங்கள்; இல்லாவிட்டால் மூன்று ஆண்டுகள் கழித்து அதே புத்தகத்தை மீண்டும் புரட்டுவீர்கள்.

இன்னும் ஒன்று. பத்திரப் புத்தகத்தில் நீங்கள் பார்க்கும் கையெழுத்து உங்கள் முன்னோருடையது அன்று. மூலத்தைப் பார்த்து கிளார்க் படியெடுத்தது. மூலப் பத்திரத்தை நிலம் வாங்கியவர் கொண்டுபோய்விட்டார். ஆனால் திருமணப் பிணைப்பத்திரமும் சம்மதச் சீட்டும் அலுவலகத்திலேயே தங்கிய தனித்தாள்கள். வாரிசுப் பத்திரத்தின் வழியே பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்தபின், அந்தப் பெயரைக் கொண்டு அடுத்த கவுண்டியின் கட்டில் எங்கள் பேரப்பிள்ளைகளின் முன்னோரான அந்தப் பெண்ணின் சம்மதச் சீட்டைக் கண்டேன். உள்ளங்கை அளவு தாள். அவள் தந்தைக்கு எழுதத் தெரியாததால் யாரோ எழுதிக்கொடுக்க, கீழே அவர் இட்ட பெருக்கல் குறி, மை சற்றுக் கசிந்து, அப்படியே இருந்தது.